சாமியைச் சுமக்கும் மரம்

நீலகிரித் திருவிழாக்களில் தோளேறும் வாகனங்களும், அவற்றைச் செதுக்கும் உளிகளும்

கட்டபெட்டில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று சாலைகள் பிரியும் இந்தச் சிற்றூரைச் சுற்றித் தேயிலைச் சரிவெங்கும் சில்வர் ஓக் வரிசை கட்டி நிற்கிறது. மேட்டுப் பக்கம் கற்பூர மரமும் சீகை மரமும். மூன்றுமே வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குடியேறியவை. நிழலுக்கும் விறகுக்கும் தைலத்துக்கும் ஆகும். அம்மன் ஏறிவரும் சிம்ம வாகனத்துக்கு இவற்றை யாரும் தேடுவதில்லை. அதற்குத் தச்சாசாரிகள் கேட்பது தேக்கு, வேங்கை, இலுப்பை, வாகை, அத்தி, மா, வேம்பு. இவற்றில் பெரும்பாலானவை இந்தக் குளிர் உயரத்தில் வளர்வதில்லை. ஆகவே இந்தப் பக்கத்தில் ஒரு கோயில் கமிட்டி புது வாகனம் செய்ய முடிவெடுத்தால், முதல் வேலை மலை இறங்குவதுதான்.

மரச்சிற்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செதுக்குகிறவரிடமிருந்து தொடங்குவார்கள். நான் செய்யச் சொல்கிறவரிடமிருந்து தொடங்க விரும்புகிறேன். சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாக இந்தக் கலை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். நகரத்து வீட்டு வரவேற்பறைக்கு ஒரு பிள்ளையாரும், ஓட்டல் வாசலுக்கு ஒரு கஜலட்சுமியும் எப்போதும் வேண்டியிருக்கும். ஆனால் தோளில் ஏறி வீதி வருகிற பொருளாக அது வாழ வேண்டுமானால் ஊர் வேண்டும், திருவிழா வேண்டும், வருஷம் ஒருமுறையாவது வெயிலிலும் தூறலிலும் கூட்டத்திலும் இடிபட வேண்டும். அப்படி இடிபடுகிற மரத்தில்தான் ஆசாரியின் முழுத் திறமையும் தெரியும். அந்த வேலையைக் கொடுப்பது பெரிய கோயில்கள் மட்டும் இல்லை. ஊர்ப் பொதுவில் வசூல் செய்து நடத்தும் ஆயிரக்கணக்கான சின்ன மாரியம்மன் கோயில்கள்தான் இந்தக் கலையின் உண்மையான புரவலர்கள்.

நீலகிரியின் பூர்வகுடிகளுக்கு இந்த வாகனமும் தேரும் தேவைப்படவில்லை. தோடர்களுக்கு எருமைப் பால்மனையே கோயில். உள்ளே செதுக்கிய சிலை கிடையாது. கோத்தர்கள் இந்த மலைக்கே கொல்லரும் தச்சரும் குயவரும் இசைக்காரரும். படுகர் வயலின் மண்வெட்டியும் அரிவாளும் அவர்கள் பட்டறையிலிருந்து வந்தன. பதிலுக்குத் தானியம் போனது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அந்தக் கொடுக்கல் வாங்கல் மெல்ல அற்றுப்போனது. படுகர்களின் ஹெத்தையம்மன் வழிபாட்டிலும் மரம் இருக்கிறது, வேறு உருவத்தில். கோத்தகிரி அருகே பேரகணியில் நடக்கும் ஹெத்தை ஹப்பாவுக்குப் பொரங்காடு சீமை ஊர்களிலிருந்து வெள்ளை உடுத்தி, செருப்பில்லாமல், குடைகளோடு நடந்து வருகிறார்கள். ஏந்தி வருவது செங்கோல். இழைத்துச் செதுக்கிய முகமோ கைகளோ அதற்கு இல்லை. கையில் பிடித்த கோலே போதுமானதாக இருக்கிறது.

வாகனமும் தேரும் மலைக்கு வந்தது கடைவீதியோடு. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்து தங்கியதற்குப் பிறகு தோட்டமும் ராணுவமும் சந்தையும் வந்தன. அவற்றோடு கோவை, சேலம், மைசூர், மலபார் பக்கத்திலிருந்து வணிகரும் கூலிக்காரரும் கைவினைஞரும் ஏறி வந்தார்கள். தங்கள் மாரியம்மனையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஊட்டி மாரியம்மன் கோயிலில் மாரியும் காளியும் ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். சித்திரைத் தேர்த் திருவிழா வாரக்கணக்கில் நடக்கும். நாளுக்கொரு சமூகத்தார் உபயம். தமிழரும் படுகரும் மலையாளிகளும் கன்னடர்களும் தெலுங்கர்களும் தங்கள் நாளில் தங்கள் முறைப்படி அம்மனை வீதிக்கு அழைத்து வருகிறார்கள். தேரோட்டத்தன்று பக்தர்கள் தேர் மீது உப்பு வீசுவார்கள். உப்பு கரைவது போலத் துன்பம் கரையும் என்பது நம்பிக்கை. அந்த உப்புக்கு இன்னொரு முகம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

அத்திக்கு ஒரு மரியாதை

கல்லுக்கு முன்னால் மரம்தான் கோயில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குடைந்த குகைக் கோயிலின் கல்வெட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல் இதை எடுப்பித்ததாகப் பெருமைப்படுகிறது. அதுவரை எவற்றால் கோயில் கட்டினார்கள் என்பதை அந்தப் பெருமையே சொல்லிவிடுகிறது. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களின் கூரை விளிம்பைக் கவனித்தால் தச்சர் வேலையைக் கல்தச்சர் பார்த்துப் பார்த்து எடுத்திருப்பது தெரியும். உத்திரம், விட்டம், கூரை வளைவு எல்லாம் மரக் கணக்கு.

கல் வந்த பிறகும் மரம் கோயிலை விட்டுப் போகவில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் நீருக்கடியில் வைக்கப்பட்டிருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979இல் வந்தவர் 2019இல் மீண்டும் வந்தார். ஜூலை 1 தொடங்கி 48 நாள் கிடந்தும் நின்றும் தரிசனம் தந்தார். தமிழ்நாடே திரண்டு போய்ப் பார்த்தது ஓர் அத்தி மரச் சிற்பத்தைத்தான் என்பதைப் பலரும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

பாலாலயம் என்று ஒரு சடங்கு உண்டு. கும்பாபிஷேகத்துக்காகக் கோயிலைப் பழுது பார்க்கத் தொடங்கும்போது, மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கித் தற்காலிகமாக வேறு இடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். அதற்குப் பெரும்பாலும் அத்திப் பலகையில் எழுதிய அல்லது அத்தி மரத்தில் செதுக்கிய உருவத்தைப் பயன்படுத்துகிறார்கள். வேலை முடிகிறவரை கல் தெய்வத்துக்குப் பதிலாக மரத் தெய்வம் பூசையை ஏற்கிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற கணக்கைப் பின்பற்றும் ஊர்களில், ஒவ்வொரு தலைமுறையும் இந்த மரத் தெய்வத்தை ஒருமுறையாவது பார்த்துவிடும்.

நாட்டார் வழிபாட்டில் செதுக்காத மரமும் சாமிதான். கொங்கு நாட்டு மாரியம்மன் திருவிழாக்களில் கம்பம் நடுவார்கள். மூன்றாகக் கிளைத்த மரத்துண்டை அம்மன் எதிரே நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, அதன் மேல் தீச்சட்டி வைப்பார்கள். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இளைஞர்கள் அதைச் சுற்றி இரவெல்லாம் ஆடுவார்கள். அம்மனின் கணவர் என்றே அதற்கு மரியாதை. திருவிழா முடிந்ததும் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விடுவார்கள். ஒருபுறம் 40 ஆண்டு நீருக்குள் இருந்து வெளிவரும் மரம். மறுபுறம் சில நாள் நின்று நீருக்குள் போகும் மரம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது வாகனம். ஒருமுறை செய்தால் இரண்டு மூன்று தலைமுறைக்கு வர வேண்டும். ஆனாலும் தேயத்தான் செய்யும்.

பச்சைமலை அடிவாரம்

அந்த வாகனத்தைத் தேடி மலை இறங்குகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் சில ஊர்கள் நினைவுக்கு வரும். பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர். அடுத்துள்ள தழுதாழையிலும் இதே தொழில். சேலம் மாவட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட தம்மம்பட்டி. தெற்கே காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மா தேக்கில் நிலையும் கதவும் இழைத்த தச்சர் மரபு. அப்புறம் கள்ளக்குறிச்சி. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தம்மம்பட்டியும் கள்ளக்குறிச்சியும் அதைத் தொடர்ந்து பெற்றன. நீலகிரிக்கும் இப்படிப் பெருமைகள் உண்டு: தோடர் பூத்தையல், நீலகிரித் தேயிலை, ஊட்டி வர்க்கி. மரத்தில் மட்டும் இல்லை.

தம்மம்பட்டிக்கு இந்தத் தொழில் வந்த கதையை ஊரில் சொல்லும்போது ஒரு கோயில் வேலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். உக்கிரகதலி நரசிம்மர் கோயிலுக்கு மர வேலை செய்ய வந்த கைவினைக் குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. அவர்களிடம் பழகியவர்கள் தொழிலைப் பரப்பினார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அந்த ஊரில் இன்று பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது வீட்டு அலங்காரச் சிற்பம். ஆனால் அதற்கு விதை போட்டது ஒரு கோயிலின் தேவை. ஒரு தேரோ வாகனமோ பழுதானதால் ஓர் ஊருக்கே தொழில் கிடைத்திருக்கிறது.

அரும்பாவூரில் வாகைதான் முதன்மை. மா, வேம்பு, ஈட்டி என்று வேறு மரங்களும் உண்டு. ஒரே துண்டில் உருவம் முழுவதையும் எடுப்பது அவர்கள் மரபின் அடையாளம். ஆனால் மரம் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிறது. ஈட்டி மரத்தை வெட்டுவதைத் தமிழ்நாடு அரசு 1990களில் தனிச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் ஈட்டி வளரும் பூமிதான். மலை மாவட்டங்களில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே காவல் நிற்கிறது. காட்டுக்கு இந்தக் காவல் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கோயில் நிலங்களிலும் குளக்கரைகளிலும் இலுப்பையும் அத்தியும் வேம்பும் நட்டு, முப்பது நாற்பது வருஷம் கழித்து அந்தந்தக் கோயில் தேருக்கே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை ஏன் விட்டோம் என்பதற்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இலுப்பைத் தோப்பு இருந்தது. விளக்குக்கு எண்ணெயும் தேருக்கு மரமும் அங்கிருந்தே வந்தன.

ஒரு சிம்மம் உருவாகும் விதம்

சிம்ம வாகனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறுத்த மரத்தை உடனே தொடமாட்டார்கள். நிழலில், காற்றுப் போகும்படி இடையில் சட்டம் கொடுத்து அடுக்கி, மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். ஈரத்தோடு செதுக்கினால் முகம் முடிந்த பிறகு கன்னத்தில் வெடிப்பு விழும். அதற்குப் பிறகு என்ன மெழுகு வைத்து அடைத்தாலும் திருவிழா வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

உலர்ந்த கட்டையில் முதலில் நூல் போடுவார்கள். நடுக்கோடு விழுந்த பிறகுதான் மற்றதெல்லாம். தெய்வ உருவத்துக்குத் தாள அளவு உண்டு. ஒரு முகத்தின் நீளம் ஒரு தாளம், அது 12 அங்குலம். இங்கே அங்குலம் என்பது ஸ்கேலில் அளக்கும் அங்குலம் இல்லை. உருவம் பெரிதானால் அதுவும் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும். ஒன்பது தாள உருவம் என்றால் உச்சி முதல் பாதம் வரை 108 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாளம். குட்டையும் தொந்தியும் அதிலேயே வந்துவிடும். விலங்கு வாகனத்துக்கு ஆசாரியின் கண்ணே பெரிய அளவுகோல். நாம் பார்க்கும் சிம்மம் காட்டுச் சிங்கத்தைப் போல இருக்காது. பிதுங்கிய விழி, சுருள் சுருளான பிடரி, யாளியின் சாயல் கொண்ட வாய்.

வாய்ச்சியால் வேண்டாத மரத்தைக் கழிப்பது முதல் கட்டம். சில்லு சில்லாகப் பறக்கும். இந்தக் கட்டத்தில் பார்க்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றும் புரியாது. பிறகு அகல உளி, அதன் பிறகு குறுகிய உளி, வளைவுகளுக்கு வளைந்த உளி. உளியின் தலையில் விழுவது இரும்புச் சுத்தி கிடையாது, கொட்டாப்புளி. புளிய மரத்தில் கடைந்து செய்த மரச் சுத்தி அது. இரும்பால் அடித்தால் உளியின் கைப்பிடி பிளந்துபோகும். அடியின் கனத்தைக் கையால் கட்டுப்படுத்துவதும் சிரமம். நல்ல பட்டறையில் காதை வைத்தே வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தொடக்கத்தில் கனமான, இடைவெளி விட்ட அடி. முகத்துக்கு வரும்போது படபடவென்று சின்னச் சின்ன அடி. விழிக்கும் நகத்துக்கும் வந்ததும் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையால் உளியைத் தள்ளிச் சீவுகிறார்கள்.

பெரிய வாகனத்தை ஒரே கட்டையில் எடுக்க முடியாது. உடலைப் பல துண்டுகளாகக் கூட்டி, கால், வால், காது, நாக்கு எல்லாவற்றையும் தனியாகச் செய்து, துளையும் கழுந்துமாகப் பொருத்துவார்கள். மூட்டுகளில் மர ஆணி அடிப்பார்கள். இரும்பு ஆணி துருப்பிடித்து, சுற்றியிருக்கும் மரத்தையும் கெடுத்துவிடும். மர ஆணி மரத்தோடு சேர்ந்தே விரிந்து சுருங்கும். இன்னொரு வசதியும் உண்டு. கூட்டத்தில் காது உடைந்தால் காதை மட்டும் கழற்றிப் புதிதாகப் பொருத்தலாம். பழுது வரும் என்று தெரிந்தே செய்த பொருள் இது.

வாகனத்தில் மிகக் கடினமான பகுதி எது என்று கேட்டால் எல்லோரும் முகம் என்பார்கள். எனக்கோ பீடம்தான் என்று படுகிறது. கீழே சுமக்கும் கழியான வாரை நுழையும் இடம், மேலே உற்சவர் அமரும் இடம், இரண்டுக்கும் நடுவே பாரம் இறங்கும் கோடு. உற்சவர் செம்பும் பித்தளையும் கலந்த கனமான விக்கிரகம். அவருக்குத் திருவாசி, மாலை, குடை, சில நேரம் கூடவே உட்காரும் அர்ச்சகர். எல்லாப் பாரமும் வாரையில் இறங்கித் தோளுக்குப் போகிறது. தோள்கள் ஒரே உயரத்தில் இருக்காது. மலைச்சாலையில் ஒருபோதும் இருக்காது. இறக்கத்தில் முன்தோளுக்குப் பாரம் கூடும், ஏற்றத்தில் பின்தோளுக்கு. பாரத்தின் மையம் ஒரு சாண் தள்ளிப்போனாலும் சிம்மம் மூக்குக் குப்புறச் சாயும். அப்படிச் சாயாமல் பாய்வது போன்ற தோற்றத்தையும் கொடுத்து, முன்கால்களைத் தூக்கியும் காட்டியிருக்கிறார்கள் என்றால், சிற்பக்கலையும் தச்சுக்கணக்கும் அங்கே ஒன்றாகின்றன.

எல்லாம் முடிந்த பிறகு கண்திறப்பு. அதுவரை பட்டறையில் ஒரு மரச்சாமான். விழியில் கடைசிக் கோடு விழுந்த பிறகு அதைத் தொடுகிற கையின் பாவனையே மாறிவிடும்.

தேர், இன்னும் பெரிய கணக்கு

வாகனம் தோளுக்கு என்றால் தேர் தெருவுக்கு. தேரின் மேல்பகுதி, அதாவது நாம் தொலைவிலிருந்து பார்த்து வியக்கும் உயரம், ஒவ்வொரு ஆண்டும் மூங்கிலாலும் சவுக்காலும் கட்டித் தேர்ச்சீலையும் தொம்பையும் தொங்கவிடுவது. நிரந்தரமாக நிற்பது கீழே உள்ள மரத்தட்டுகள். பூதப்பார், உறுதலம், நடகாசனம், தேவாசனம், சிம்மாசனம் என்று தட்டுத் தட்டாக ஏறும். தட்டுக்குத் தட்டு சிற்பப் பலகைகள். புராணக் காட்சி, தெய்வ வடிவம், பூதகணம், யாளி, கொடை தந்தவர், குறத்தி, வேட்டைக்காரர், காமக் கலை எல்லாம் அங்கே உண்டு. படிக்கத் தெரியாதவரும் ஒரு சுற்று சுற்றி வந்தால் தலபுராணம் தெரிந்துவிடும்.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. எடை சுமார் 300 டன். 1920களில் தீக்கிரையாகி மீண்டும் உருவான அந்தத் தேர் இடையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 1970இல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்துகொடுத்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேரோட்டம் இல்லாமல் இருந்து, புதுத் தேர் செய்து 2015இல் ஓடவிட்டார்கள். தேர் நின்றுபோனால் வடம் பிடிப்பவருக்கு வருத்தம். ஆசாரி குடும்பத்துக்கோ ஒரு தலைமுறைக் கல்வி போய்விடும். பாரின் கனத்தையும் அச்சின் தடிமனையும் பாட்டன் சொல்லாமல் பேரன் எங்கே படிப்பான்? மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் மரச்சிற்பமும் பாடமாக இருக்கிறது. அது பெரிய ஆறுதல். ஆனாலும் தேர் என்பது ஓடும்போது மட்டுமே முழுமையாகக் கற்கக்கூடிய பொருள். முட்டுக்கட்டை போடுகிறவர் எந்தப் பக்கம் ஓடினார், எந்த மூட்டு முனகியது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வராது.

எது கெடுக்கிறது

கணினி வைத்து அறுக்கும் சி.என்.சி. இயந்திரம்தான் எதிரி என்று பலர் சொல்கிறார்கள். பூசையறைக் கதவுகளில் இன்று காணும் மணிகளும் பூக்களும் பிள்ளையாரும் பெரும்பாலும் அந்த இயந்திரத்தின் வேலைதான். பலகையின் மேலே நின்று குடையும் முனை அது. உருவத்தின் பின்னால் போய், தும்பிக்கைக்கும் தொந்திக்கும் நடுவே காற்றுப் போகும்படி குடைவது அதற்குச் சுலபமில்லை. அதனால் வாகனத்துக்கும் தேருக்கும் அது இன்னும் பெரிய போட்டி இல்லை.

என்னைக் கவலைப்படுத்துவது பெயின்ட். திருவிழாவுக்குத் திருவிழா, வாகனத்தைப் பளிச்சென்று காட்ட ஒரு கோட் எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள். பழையதைச் சுரண்டாமல் மேலேயே. இருபது வருஷத்தில் பிடரியின் சுருள்கள் மழுங்கி, விரல்கள் ஒட்டி, மூக்கு உருண்டையாகிவிடும். உளி வேலை முழுவதும் உள்ளே புதைந்து கிடக்கும். மரமும் மூச்சுவிட முடியாமல் உள்ளே வாங்கிய ஈரத்தோடு உளுத்துப்போகும். ‘பழசு நல்லா இல்ல, புதுசு வாங்கிடலாம்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. உபயதாரரும் தன் பெயர் எழுதிய புது வாகனத்தையே விரும்புவார். பழையதைப் பழுது பார்க்கக் காசு கொடுத்தால் எங்கே பெயர் போடுவது? விலையும் கனமும் குறைவு என்று ஃபைபரில் செய்து வாங்குகிறவர்களும் உண்டு. தோள் கொடுக்க ஆள் குறைந்த ஊர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனால் ஃபைபர் சிம்மத்தின் காது உடைந்தால் செய்தவரிடமே கொண்டுபோக வேண்டும். மரச் சிம்மம் என்றால் உள்ளூர்த் தச்சரே ஒரு கழுந்து சீவிப் பொருத்திவிடுவார்.

வெளியேறிய பழைய மரங்கள் எங்கே போகின்றன? காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தேர்ப் பலகைகள் தனித்தனியாக விலைபோவதை யாரும் பார்க்கலாம். வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் தமிழ்நாட்டுத் தேர்ச்சிற்பங்கள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கின்றன. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பத்தைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நூறாகாத பலகைக்கு அந்தக் காவலும் இல்லை. மலைக்கு அப்பால் கர்நாடகக் கடற்கரையில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. உடுப்பிப் பக்கம் மெக்கெகட்டு நந்திகேசுவரர் கோயிலில் ஆளுயர பூத உருவங்கள் மரத்தில் இருந்தன. புதியவை செய்து வைத்தபோது பழையவை வெளியேறின. அவற்றில் பல இன்று தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லத்தக்க வேலை. ஆனால் மெக்கெகட்டில் புதியவற்றைச் செய்யவும் கைகள் இருந்தன, அதுதான் விஷயம். பழையது அருங்காட்சியகத்துக்குப் போவதை நான் இழப்பாக நினைக்கவில்லை. புதியதைச் செய்யக் கை இல்லாமல் போவதுதான் இழப்பு.

மலைக்கென்று சில கவலைகள்

சமவெளியில் உலர்த்திய மரம் மலைக்கு வந்தால் அதன் சுபாவம் மாறும். மரம் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். பெரம்பலூர் வெயிலில் கச்சிதமாக இறுகிய மூட்டு, கட்டபெட்டின் ஐப்பசி மழையிலும் மூடுபனியிலும் உப்பும். மாசி வெயிலில் மறுபடி சுருங்கும். சில வருஷம் இப்படி நடந்தால் மூட்டு ஆடத் தொடங்கும், பெயின்ட் தோல் உரிந்துபோகும். வேலை தெரிந்தவர்கள் இதற்கென்று மூட்டில் இடம் விடுவார்கள். ஆனால் எங்கே போகிறது என்று வாங்குகிறவர் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? பட்டறையில் முன்பணம் கொடுக்கும்போது உயரம், அகலம், விலை, நாள் எல்லாம் பேசுகிறார்கள். மலை ஊர், வருஷத்தில் பாதி ஈரம் என்பதைப் பேசுவதில்லை.

இப்போது ஊட்டித் தேர் மீது வீசும் அந்த உப்பைப் பார்க்கலாம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். தேரின் இடுக்குகளில் தங்கிய உப்பு, மழைக்காலம் முழுவதும் அந்த இடத்தை நசநசவென்று வைத்திருக்கும். அச்சிலும் பட்டையிலும் துரு ஏறும். வேண்டுதலை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை; எனக்கு அந்த எண்ணமும் இல்லை. தேர் நிலைக்கு வந்த மறுநாள் மென்மையான தூரிகையால் இடுக்கெல்லாம் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உப்பு எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் இந்த வேலைக்கு ஒரு நாளும் நாலு பேரும் ஒதுக்கினால் தேரின் ஆயுள் கூடும்.

வைக்கும் இடமும் அப்படித்தான். வாகனத்தைத் தார்ப்பாயால் இறுக்கி மூடித் தகரக் கொட்டகையில் விடுவது குளிர்நாட்டில் மிக மோசமான பாதுகாப்பு. உள்ளே வேர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கட்டை மேல் வைத்து, பருத்தித் துணியால் போர்த்தி, எதிரெதிரே இரண்டு சன்னல் திறந்த அறையில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை துணியை எடுத்து, வாலின் அடியிலும் பீடத்தின் உள்ளேயும் விரலால் தடவிப் பார்த்தால் மாவு மாதிரி தூள் ஒட்டுகிறதா என்று தெரியும். ஒட்டினால் உளு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதே ஆசாரிக்குப் போன் போட வேண்டும். சித்திரை பிறக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

அந்த போன் நம்பர் கமிட்டியில் யாரிடமாவது இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. உபயதாரரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிக்கிறோம். செய்தவரின் பெயரையும் ஊரையும், எந்த மரம், எந்த ஆண்டு என்பதையும் பீடத்தின் உட்புறம் இரண்டு வரி செதுக்கச் சொல்லலாம். கணக்கு நோட்டிலும் எழுதி வைக்கலாம். நாற்பது வருஷம் கழித்து ஒரு முன்கால் பழுதானால், அதே பட்டறையின் பேரனைத் தேடிப் போகலாம். எந்த மரத்தில் ஒட்டுப்போடுவது என்று அவரும் திணறமாட்டார்.

அடுத்த சித்திரைக்குப் புது வாகனம் வேண்டும் என்று நினைக்கும் ஊர்கள் தை மாதம் பேச்சைத் தொடங்கினால் தாமதம். உலராத மரம்தான் கிடைக்கும். முந்தைய சித்திரை முடிந்த கையோடு மரம் வாங்கிப் பட்டறையில் அடுக்கிவிட வேண்டும். அதைப் பார்க்கப் போகும்போது தலைவரும் பொருளாளரும் மட்டும் போகாமல், வாரைக்குத் தோள் கொடுக்கும் பையன்கள் இருவரையும் கூட அழைத்துப் போகட்டும். பீடத்தின் உயரமும் வாரையின் இடைவெளியும் அவர்கள் தோளை அளந்துதான் முடிவாக வேண்டும்.